கட்சிக்காரர் கேட்டது பள்ளிக்கூடம்

போன மாதம் எங்கள் ஊர்ப் பள்ளி வாரியக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். அமெரிக்காவுக்கு வந்து பதினாறு வருடம் ஆகிறது, இரண்டு பிள்ளைகளும் இங்கேதான் படிக்கிறார்கள், ஆனாலும் இப்படி ஒரு கூட்டத்தில் போய் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. மாணவர் எண்ணிக்கை குறைந்துபோன ஒரு தொடக்கப் பள்ளியை மூடிவிட்டு, அங்கே படிக்கும் பிள்ளைகளை வேறு மூன்று பள்ளிகளுக்குப் பிரித்து அனுப்பப் போகிறார்கள், அதற்காக எல்லைகளை மாற்றி வரைகிறார்கள் என்று மின்னஞ்சல் வந்திருந்தது. மூடப் போகும் பள்ளியில் பெரும்பாலும் கறுப்பினப் பிள்ளைகள். அந்த மூன்று பள்ளிகளில் ஒன்று என் மகள் படிக்கும் பள்ளி.

போகும்போதே ஒரு முடிவோடுதான் போனேன். பிள்ளைகள் கலந்து படிப்பது நல்லது, இதை எதிர்க்கிற பெற்றோர்கள் நிறைய வருவார்கள், ஆதரிக்கவும் நாலு பேர் வேண்டும் என்று. எதிர்ப்பவர்கள் வந்தார்கள்தான். ஆனால் நான் எதிர்பார்க்காத ஒருவரும் வந்து எதிர்த்தார்.

ஆளுக்கு மூன்று நிமிடம். ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு விளக்குப் பெட்டி, பச்சை, மஞ்சள், சிவப்பு. எழுபது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு கறுப்பினப் பாட்டி மெதுவாக எழுந்து வந்தார். மூடப் போகிற அந்தப் பள்ளியிலேயே ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவராம். கையில் நான்காக மடித்த ஒரு தாள் இருந்தது, அதைப் பிரிக்கவே இல்லை. "எங்கள் பிள்ளைகளை நல்ல பள்ளிக்கு அனுப்பப் போகிறோம் என்கிறீர்கள், சந்தோஷம். எங்கள் பள்ளியை நல்ல பள்ளியாக ஆக்கித் தாருங்கள் என்று நாங்கள் எத்தனை வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்? நூலகத்துக்கு ஆள் கேட்டோம். இரண்டு வகுப்பறையில் ஏசி ஓடவில்லை என்று எழுதிக் கொடுத்தோம். அதற்கெல்லாம் இப்படி ஒரு கூட்டம் போடவில்லையே" என்றார். சிவப்பு விளக்கு எரிந்ததும் பேச்சை நிறுத்தி, தாளைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, போய் உட்கார்ந்துவிட்டார்.

நான் பேசவில்லை. பெயர் கொடுத்திருந்தேன், கூப்பிட்டபோது வேண்டாம் என்று தலையாட்டிவிட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு டெரிக் பெல் ஞாபகம் வந்தது. அவரைப் பற்றி முன்னே கொஞ்சம் படித்திருந்தேன், இந்த ஒரு மாதமாக மறுபடி உட்கார்ந்து தேடிப் படிக்கிறேன். பெரும்பாலோருக்கு அவர் ஹார்வர்டு சட்டப் பள்ளியில் போராட்டம் நடத்திய பேராசிரியர், இல்லையென்றால் இன்றைய அரசியல் மேடைகளில் அடிபடுகிற விமர்சன இனக் கோட்பாட்டின், அதாவது இனப் பாகுபாடு சட்டங்களிலேயே ஊறியிருக்கிறது என்கிற பார்வையின், முன்னோடி. எனக்கு அவர் முக்கியமாகப் படுவது வேறு காரணத்துக்காக. தன் இளமையைக் கொடுத்து வென்ற வழக்குகளை, பத்து வருடம் கழித்து எடுத்து வைத்து, நான் யாருக்காக வாதாடினேன், அவர்கள் என்னிடம் கேட்டது என்ன என்று பொதுவில் கேட்ட மனிதர் அவர். அப்படிக் கேட்பது லேசான காரியம் இல்லை.

பெல் பிறந்தது 1930இல், பிட்ஸ்பர்க்கில். கொரியப் போர்க் காலத்தில் விமானப்படையில் இருந்துவிட்டு பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தார், 1957இல் பட்டம் வாங்கியபோது அந்த வகுப்பில் கறுப்பினத்தவர் அவர் ஒருவர்தான். மாணவராக இருந்தபோது வில்லியம் ஹேஸ்டியைப் போய்ப் பார்த்திருக்கிறார். ஹேஸ்டி கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி. கறுப்பின மக்களின் சம உரிமைக்காக வாதாடும் வழக்கறிஞர் ஆக ஆசை என்று பெல் சொல்ல, நீ பதினைந்து வருடம் தாமதமாகப் பிறந்துவிட்டாய் தம்பி என்கிற மாதிரி சொல்லியிருக்கிறார் பெரியவர். 1954 மே 17ஆம் தேதி பிரவுன் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில், அரசுப் பள்ளிகளில் இனவாரியாகப் பிள்ளைகளைப் பிரித்து வைப்பது சட்டவிரோதம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். சட்டப் போராட்டம் முடிந்துவிட்டது, இனி அமல்படுத்துவதுதான் பாக்கி என்று ஹேஸ்டி போன்ற ஒரு பெரிய மனிதரே நம்பிய காலம் அது.

பாக்கி என்று நினைத்ததுதான் முழு வேலையும். மறு வருடமே உச்ச நீதிமன்றம், இதை 'உரிய நிதானத்தோடு கூடிய வேகத்தில்' செய்யுங்கள் என்று சொன்னது. தென் மாநிலங்கள் அதில் நிதானத்தை மட்டும் பிடித்துக்கொண்டன. தீர்ப்பு வந்து பத்து வருடம் கழித்து, 1964இல்கூட, தென் மாநிலங்களில் வெள்ளையர் பெரும்பான்மையாக இருந்த பள்ளிகளில் படித்த கறுப்பினப் பிள்ளைகள் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர்தான்.

படிப்பு முடிந்து பெல் மத்திய அரசின் நீதித் துறையில் சேர்ந்தார். கறுப்பின மக்களின் உரிமைகளுக்காகப் போராடும் என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பின் உறுப்பினர் பதவியை விட்டுவிடு, நடுநிலைக்கு இடைஞ்சல் என்றார்கள். அவர் வேலையை விட்டார். 1960இல், பிரவுன் வழக்கை முன்னின்று நடத்திய வழக்கறிஞர் தர்குட் மார்ஷல் அவரை அந்த அமைப்பின் சட்டப் பாதுகாப்பு நிதியத்துக்கு அழைத்துக்கொண்டார். அடுத்த ஆறு வருடத்தில் தென் மாநிலங்களில் 300க்கும் மேற்பட்ட பள்ளி வழக்குகளை பெல் நடத்தினார் அல்லது மேற்பார்வை பார்த்தார். அதில் ஒன்றைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

மிசிசிப்பி மாநிலத்தில் லீக் கவுண்டி, கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி. அங்கே கார்த்தேஜ் நகரத்துக்குப் பக்கத்தில் ஹார்மனி என்று ஒரு கறுப்பின கிராமம். பலருக்குச் சொந்த நிலம் உண்டு, அதனால் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை பார்ப்பவர்களைவிடக் கொஞ்சம் நிமிர்ந்து நிற்க முடிந்தவர்கள். ஊருக்கு ஒரு பள்ளிக்கூடம் இருந்தது, ரோசன்வால்ட் நிதியில் கட்டியது. சியர்ஸ் நிறுவனத்தை வளர்த்த ஜூலியஸ் ரோசன்வால்ட் கொஞ்சம் பணம் தருவார், ஊர்க்காரர்கள் தங்கள் பங்குக்குப் பணமோ மரமோ நிலமோ உடல் உழைப்போ போட வேண்டும். இப்படித் தென் மாநிலங்களில் ஏறக்குறைய 5,000 பள்ளிகள் எழும்பின. ஆகையால் அந்தக் கட்டடம் அரசாங்கம் கொடுத்த கட்டடம் இல்லை. எங்கள் அப்பா போட்ட பலகை, எங்கள் மாமா அடித்த ஆணி என்று காட்டக்கூடிய கட்டடம்.

அதைக் கவுண்டி நிர்வாகம் மூடியது. வின்சன் ஹட்சன், டவி ஹட்சன் என்ற அக்கா தங்கை இருவர், அங்கே என்.ஏ.ஏ.சி.பி. கிளையைத் தாங்கி நின்றவர்கள், பெல்லிடம் வந்து கேட்டது ஒன்றே ஒன்று: எங்கள் பள்ளிக்கூடத்தைத் திரும்பத் திறக்க உதவி செய்யுங்கள்.

பெல் முடியாது என்றார். தனிப் பள்ளியைக் காப்பாற்றுவதற்கு எங்கள் அமைப்பு வழக்கு நடத்தாது, ஆனால் வெள்ளையர் பள்ளியில் உங்கள் பிள்ளைகளைச் சேர்க்க வழக்குப் போடத் தயாராக இருந்தால் சொல்லுங்கள், வருகிறோம் என்றார். கட்சிக்காரர் கேட்டது ஒன்று, வக்கீல் கொடுத்தது வேறொன்று. அவர்கள் யோசித்துவிட்டுச் சரி என்றார்கள். 1963இல் வழக்கு தாக்கலானது, மிசிசிப்பியில் இந்த வகையில் முதலில் போட்ட சில வழக்குகளில் அதுவும் ஒன்று. கையெழுத்துப் போட்டவர்களுக்கு வேலை போனது, கடன் நின்றது, இரவில் கார்களில் வந்து வீடுகளைப் பார்த்துச் சுட்டார்கள். அந்த ஊரில் வயதான ஒரு அம்மாவிடம், இத்தனைக்கும் நடுவில் எப்படித் தைரியமாக இருக்கிறீர்கள் என்று பெல் ஒருமுறை கேட்டாராம். நான் கிழவி, வெள்ளைக்காரர்களைத் தொந்தரவு செய்யவே உயிரோடு இருக்கிறேன் என்றாராம் அந்த அம்மா. பெல் இதைத் தன் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். ஜெயிப்போம் என்ற நம்பிக்கை அந்தப் பதிலில் எங்கேயும் இல்லை, அடங்கிப் போக மாட்டேன் என்பதுதான் இருக்கிறது, அதைக் கவனியுங்கள்.

1964 செப்டம்பரில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி, கடைசியில் அவள் ஒருத்தி மட்டும்தான், கார்த்தேஜில் இருந்த வெள்ளையர் பள்ளிக்குள் நடந்து போனாள். மற்ற குடும்பங்கள் மிரட்டலுக்குப் பயந்து ஒதுங்கிக்கொண்டன. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நான் என் மகளை முதல் வகுப்பில் விட்ட நாளை நினைத்துப் பார்த்தேன். கதவருகே என் விரலை விட மறுத்தாள், உள்ளே அவளுக்காக ஒரு ஆசிரியை சிரித்துக்கொண்டே காத்திருந்தார், அப்படியிருந்தும் வாசலை விட்டு வர எனக்குக் கால் மணி நேரம் ஆனது. அந்தச் சிறுமிக்காக உள்ளே யார் காத்திருந்தார்கள்?

சரி, பேராசிரியர் பெல்லுக்கு வருகிறேன். 1969இல் ஹார்வர்டில் விரிவுரையாளராகச் சேர்ந்து, 1971இல் அந்தச் சட்டப் பள்ளியின் முதல் கறுப்பின நிரந்தரப் பேராசிரியர் ஆனார். 1973இல் அமெரிக்கச் சட்டத்தில் இனமும் இனவெறியும் என்ற பாடநூலை வெளியிட்டார், அதுவரை அந்தப் பாடத்துக்கு ஒழுங்கான புத்தகம் கிடையாது. 1976இல் யேல் சட்ட இதழில் ஒரு கட்டுரை எழுதினார், தலைப்பு 'இரண்டு எஜமானர்களுக்கு ஊழியம் செய்தல்'. எந்த ஊழியக்காரனும் இரண்டு எஜமான்களுக்கு ஊழியஞ்செய்யக் கூடாது என்ற பைபிள் வசனத்திலிருந்து வந்த தலைப்பு. ஒரு எஜமான், பள்ளிகள் கலக்க வேண்டும் என்ற கொள்கை, அதற்குப் பணம் கொடுக்கிற அமைப்பு. இன்னொரு எஜமான், வழக்கில் பெயர் கொடுத்த பெற்றோர்கள். முதலில் இருவரும் ஒன்றைத்தான் கேட்டார்கள், ஆனால் போகப் போக வேறாகிவிட்டது, நாங்கள் வக்கீல்கள் பெற்றோரை விட்டுவிட்டு கொள்கையோடு போய்விட்டோம் என்பதுதான் கட்டுரையின் சாரம்.

அதில் அவர் பாஸ்டனை எடுத்துக்காட்டுகிறார். 1974இல் அங்கே நீதிபதி கேரிட்டியின் உத்தரவுப்படி பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றி வேறு பகுதிப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள், அந்த பஸ்கள் மேல் கல் விழுந்தது உலகமே பார்த்தது. கறுப்பினப் பெற்றோர் குழுக்கள் சில, எந்த இனத்தவர் எத்தனை பேர் என்ற எண்ணிக்கைக் கணக்கை விட்டுவிட்டுப் படிப்பின் தரத்தைப் பாருங்கள் என்று கேட்டார்கள். அட்லாண்டாவில் 1973இல் உள்ளூர் என்.ஏ.ஏ.சி.பி. கிளை, பஸ்ஸிங் குறைவாக இருந்தால் போகட்டும், நிர்வாகப் பொறுப்புகள் எங்கள் ஆட்களிடம் வரட்டும் என்று ஒப்பந்தம் போட்டது. அதற்காகத் தலைமை அந்தக் கிளையையே இடைநீக்கம் செய்தது.

இந்தக் கட்டுரைக்காகக் கூட வேலை பார்த்தவர்களே அவர்மேல் கோபப்பட்டார்கள், துரோகம் என்றுகூட நினைத்தவர்கள் இருந்தார்கள். எனக்கு அந்தக் கோபம் புரிகிறது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வாதாடிய வழக்குகள், எதிரிகள் இன்னும் ஓயவில்லை, அந்த நேரத்தில் உள்ளே இருந்து ஒரு குரல். ஆனால் பெல் சொன்னதில் பொய் இல்லை. பிரவுன் வழக்கில் நேரடியாக வாதாடிய ராபர்ட் கார்ட்டரே சில வருடம் கழித்து, தங்கள் கணக்கு எங்கே தவறியது என்று எழுதினார். அந்தக் கட்டுரை வந்த தொகுப்பைத் தொகுத்தவர் பெல்தான்.

இழந்ததையும் சொல்ல வேண்டும். பள்ளிகளைச் சேர்த்தபோது பெரும்பாலும் மூடப்பட்டது கறுப்பினப் பள்ளிகள். அங்கே இருந்த ஆசிரியர்களையும் தலைமை ஆசிரியர்களையும் கூட அழைத்துப் போகவில்லை. 1954க்கும் 1965க்கும் இடையில் தெற்கிலும் அதை ஒட்டிய எல்லை மாநிலங்களிலுமாகச் சுமார் 38,000 பேர் வேலை இழந்தார்கள் என்று கணக்கு. பிரவுன் வழக்கு தொடங்கிய டொபீகா நகரத்திலேயே, தீர்ப்பு வருவதற்கு முந்தைய வருடமே, ஒரு கறுப்பின ஆசிரியைக்குக் கடிதம் போயிருக்கிறது: வெள்ளைப் பிள்ளைகளுக்குக் கறுப்பின ஆசிரியர் பாடம் நடத்துவதை ஊர்க்காரர்கள் பெரும்பாலோர் விரும்ப மாட்டார்கள் என்று எடுத்துக்கொண்டு, அடுத்த வருடத்துக்கு உங்களை உறுதி செய்ய முடியவில்லை என்று. கூட்டத்தில் பேசிய அந்தப் பாட்டி மடித்து வைத்திருந்த தாளில் என்ன எழுதியிருந்ததோ, எனக்கு இந்தக் கடிதம்தான் மனதில் வந்தது.

1980இல் ஹார்வர்டு இதழில் அடுத்த கட்டுரை. கறுப்பின மக்களுக்கு நியாயம் கிடைப்பது, அது வெள்ளையர்களின் நலனோடும் ஒத்துப்போகும் சமயங்களில் மட்டும்தான் என்று அதில் எழுதினார். பிரவுன் தீர்ப்பு ஏன் 1954இல் வந்தது? பனிப்போர் நேரம், ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் அமெரிக்காவின் பெயர் கெட்டுக்கொண்டிருந்தது, இரண்டாம் உலகப் போரில் சண்டை போட்டுத் திரும்பிய கறுப்பின வீரர்கள் கொதித்துப்போய் இருந்தார்கள், தெற்கு தொழில்மயமாவதற்குப் பழைய பிரிவினை முட்டுக்கட்டையாக இருந்தது. பலர் இதை வெறும் சந்தேகப் புத்தி என்றார்கள். மேரி டட்ஜியாக் என்ற வரலாற்றறிஞர் 1988இல் அரசாங்க ஆவணங்களைக் கிளறி எடுத்து, பெல் சொன்னதற்கு ஆதாரம் கொடுத்தார். 1952 டிசம்பரில் நீதித் துறையே உச்ச நீதிமன்றத்துக்குக் கொடுத்த மனுவில், இந்தப் பாகுபாடு கம்யூனிஸ்ட் பிரசாரத்துக்குத் தீனி போடுகிறது என்று எழுதியிருந்தது. தீர்ப்பு வந்த ஒரு மணி நேரத்துக்குள் அமெரிக்க அரசின் வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலி அதைக் கிழக்கு ஐரோப்பாவுக்கு ஒலிபரப்பிவிட்டது.

நலன் ஒத்துப்போகாதபோது என்ன நடந்தது என்பதற்கு இரண்டு தீர்ப்புகள் போதும். 1973இல் சான் அன்டோனியோ வழக்கு. எட்ஜ்வுட் என்ற ஏழை மெக்சிகோ வம்சாவளிப் பகுதியில் ஒரு மாணவருக்குச் செலவழித்தது 356 டாலர், அதே நகரத்தில் வெள்ளையர் அதிகம் வாழ்ந்த ஆலமோ ஹைட்ஸ் பகுதியில் 594 டாலர். இத்தனைக்கும் எட்ஜ்வுட்காரர்கள் கட்டிய சொத்து வரி விகிதம் அதிகம், வீடுகளின் மதிப்புதான் குறைவு. அரசியல் சாசனத்தில் இதற்கு வழியில்லை என்று 5க்கு 4 என்ற கணக்கில் சொல்லிவிட்டார்கள். மறு வருடம் டெட்ராய்ட் வழக்கு, அதுவும் 5க்கு 4. நகரப் பள்ளிகளையும் சுற்றியிருந்த 53 புறநகர் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்களையும், அதாவது தனித்தனி நிர்வாகமுள்ள பள்ளி வட்டாரங்களையும், சேர்த்து ஒரு திட்டம் போட்டால்தான் பிள்ளைகள் கலப்பார்கள் என்று கீழ் நீதிமன்றம் சொன்னதை உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. டிஸ்ட்ரிக்ட் கோடு தாண்டக் கூடாது. மறுப்புத் தீர்ப்பு எழுதியவர்களில் ஒருவர், அதற்குள் நீதிபதியாகிவிட்ட தர்குட் மார்ஷல்.

இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. நாங்கள் வீடு வாங்கியபோது முதலில் பார்த்தது சமையலறையையா, தோட்டத்தையா? ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்தான். நண்பர்கள் எல்லோரும் கேட்ட முதல் கேள்வியும் அதுதான், ரேட்டிங் பத்துக்கு எத்தனை? தெரு ஒன்று தள்ளி வீடு மலிவாக இருந்தது, எல்லைக் கோடு நடுவில் போனதால் வேண்டாம் என்றோம். பிள்ளைகளுக்கு நல்ல படிப்பு வேண்டும் என்று நினைத்ததில் தவறில்லை, இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அந்தக் கோடு எப்படி வந்தது, அதை நிலைக்க வைத்த தீர்ப்பு எது என்று தெரியாமலே பதினோரு வருடம் அதன் நல்ல பக்கத்தில் வாழ்ந்திருக்கிறோம்.

பெல்லின் மீதிக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓரிகன் பல்கலைக்கழகத்தில் டீன் ஆனார், தகுதியுள்ள ஒரு ஆசிய அமெரிக்கப் பெண்ணை வேலைக்கு எடுக்க மறுத்தபோது 1985இல் ராஜினாமா செய்தார். ஹார்வர்டுக்குத் திரும்பினார், கறுப்பினப் பெண் ஒருவரைக்கூட நிரந்தரப் பேராசிரியராக நியமிக்கவில்லை என்று 1990இல் சம்பளமில்லாத விடுப்பில் போனார், இரண்டு வருடம் கழித்து வேலையே போனது. அந்தப் பதவிக்கு முதல் கறுப்பினப் பெண்ணாக லானி கினியர் வந்தது 1998இல். பெல் கடைசிவரை நியூயார்க் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார், 2011 அக்டோபரில் காலமானார்.

2004இல், தீர்ப்பின் ஐம்பதாவது வருடத்தில், பிரவுன் தீர்ப்பு எப்படி இருந்திருக்க வேண்டும் என்று தானே மாற்றி எழுதிக் காட்டினார். பிரிவினையை ஒரேயடியாக ரத்து செய்வதற்குப் பதில், பிள்ளைகள் தனியாக ஆனால் சமமாகப் படிக்கிறார்கள் என்று சொல்லிவந்தீர்களே, அந்தச் சமத்தை உடனே கொடுங்கள் என்று மாநிலங்களை நீதிமன்றம் கட்டாயப்படுத்தியிருக்க வேண்டும் என்றார். இந்த இடத்தில் நான் பெல்லோடு உடன்பட முடியவில்லை. ஒரே வகுப்பில் உட்கார வைக்கவே வழக்கு மேல் வழக்குப் போட வைத்தவர்கள் சமமாகப் பணம் கொடுத்திருப்பார்களா? அப்புறம், உண்மையாகக் கலந்த இடங்களில் பலன் கிடைத்தது என்பதும் நிஜம். 1964இல் நூற்றுக்கு இரண்டு மூன்று என்று சொன்னேனே, அது 1988இல் 43ஐத் தாண்டியது. அந்தக் காலத்தில் படித்த கறுப்பினப் பிள்ளைகள் கூடுதலாகப் படித்தார்கள், வளர்ந்து கூடுதலாகச் சம்பாதித்தார்கள் என்று பொருளாதார ஆய்வுகள் காட்டுகின்றன. அதற்குப் பிறகு நீதிமன்றங்கள் உத்தரவுகளைத் தளர்த்தத் தளர்த்த, எண்ணிக்கையும் இறங்கிவிட்டது.

ஆனால் முதல் கட்டுரையின் கேள்வி அப்படியே நிற்கிறது. யார் பிள்ளைக்காகச் செய்கிறோமோ அவர்களைக் கேட்டோமா? பல வருடம் கழித்து ஹட்சன் சகோதரிகளைச் சந்தித்தபோது, அன்று நான் உங்களுக்குச் சொன்ன யோசனை சரிதானா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது என்று பெல் சொன்னார். எனக்கும் அந்தச் சந்தேகம் வந்ததுண்டு, ஆனால் நடந்தது நடந்துவிட்டது, தாண்டி வந்துவிட்டோம், இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறோம் என்கிற மாதிரி பதில் சொன்னாராம் வின்சன். இந்த இடத்தை நான் நாலைந்து தடவை படித்திருப்பேன். ஒரு பெரிய வக்கீல், பேராசிரியர், தன் கட்சிக்காரர் முன்னால் போய் நின்று அதைச் சொல்கிறார்.

அடுத்த கூட்டம் வருகிற செவ்வாய்க்கிழமை. பள்ளிப் பெற்றோர் குழுவில் கேட்டு அந்தப் பாட்டியின் தொலைபேசி எண்ணை வாங்கி நேற்றுப் பேசினேன். நான் யார், என் மகள் எந்தப் பள்ளி என்று சொன்னதும் கொஞ்ச நேரம் மறுமுனையில் சத்தமே இல்லை. நீங்கள் என்ன கேட்கிறீர்களோ அதையே நானும் என் மூன்று நிமிடத்தில் கேட்கலாமா என்றேன். முதலில் பள்ளிக்கூடத்தை வந்து பார் என்றார். திங்கட்கிழமை மதியம் மூன்று மணிக்கு, பிள்ளைகள் கிளம்பிய பிறகு, நூலகத்திலிருந்து ஆரம்பிக்கலாம் என்றார்.